சங்கத்துக்கென்று ஒரு கரட்

பற்றாளர்களில் பல வகை உண்டு. மொழிப்பற்றாளர் மேடையில் கிடைப்பார். நாட்டுப்பற்றாளர் கிரிக்கெட் நடக்கும் நாட்களில் கிடைப்பார். இறைப்பற்றாளரைப் பரீட்சை முடிவு வரும் வாரத்தில் எந்தக் கோயிலிலும் பார்க்கலாம். ஆனால் வருடம் முழுக்க, மழையென்றும் பனியென்றும் பாராமல், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் எதிலும் தாராளமாகக் கிடைக்கிற ஒரு இனம் இருக்கிறது. இதுவரை யாரும் அவரைச் சரியாகக் கவனிக்கவில்லை. சங்கப் பற்றாளர் என்று அவருக்குப் பெயர்.

சங்கம் என்றதும் தொழிற்சங்கத்தை நினைத்துக்கொண்டு கட்சிக் கொடி எங்கே என்று தேடாதீர்கள். இது மரக்கறி பயிரிடுகிறவர்களின் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலம்; அதில் கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி; விளைந்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து நல்ல விலைக்கு விற்று எல்லோரும் முன்னுக்கு வரலாம் என்று ஒரு ஏற்பாடு. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! சங்கப் பற்றாளருக்கும் அந்த அழகுதான் பிடிக்கும். அதைப் பற்றிப் பேசப் பேச அவருக்குக் கண் கலங்கும். நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நிஜமாகவே கலங்கும்.

ஆளை அடையாளம் காண்பது கடினமில்லை. கூட்டத்துக்கு முதலில் வந்து முன்வரிசைக் கதிரையைப் பிடிப்பார். யார் பேசினாலும் முதல் கைதட்டல் அவருடையதாக இருக்கும். தான் பேச எழுந்தால், தனி மரம் தோப்பாகாது என்பார், ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார், கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பார், ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்; நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்பார். தேர் இழுக்கும் நாள் வரும்போது மட்டும் வடத்தைத் தொடுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்து வருவார். தேர் ஓடுகிறதல்லவா? பிறகென்ன?

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒருவர் ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறார். பெயர் வீரய்யா. அங்குள்ள மரக்கறிச் சங்கத்தின் தலைவர். அவரைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

வீரய்யா போகாத பயிற்சிப் பட்டறை கிடையாது. நுவரெலியாவில் 'விவசாயிகள் கூட்டுறவுச் சங்கங்களின் வியாபார வளர்ச்சியில் செல்வாக்குச் செலுத்தும் காரணிகள்' என்று ஒரு பட்டறை வைத்தார்கள். தலைப்பை வாசித்து முடிப்பதற்குள் தேநீர் இடைவேளை வந்துவிட்டது. மற்றவர்கள் சோற்றுப் பார்சலில் முட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது வீரய்யா எல்லாக் காரணிகளையும் மனப்பாடம் செய்துகொண்டார். அங்கத்தவர் பற்று, பொருளின் தரம், பரஸ்பர நம்பிக்கை, தலைமைத்துவம், சந்தைத் தொடர்பு. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்லுவார். அந்தப் பட்டறையில் கொடுத்த சான்றிதழுக்குச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். பேச்சியம்மா, அவருடைய மனைவி, வெள்ளிக்கிழமைகளில் முருகனுக்குச் சாம்பிராணி போடும்போது புகை அதற்கும் கொஞ்சம் போகும்.

சரி, சான்றிதழைப் பார்த்தாயிற்று. இனி கரட்டைப் பார்ப்போம்.

கரட் பிடுங்குகிற அன்று வீரய்யா வாசலில் உட்கார்ந்து தரம் பிரிப்பார். நேராக, நீளமாக, கழுவினால் பளபளவென்று இருப்பவை ஒரு மூட்டை. கொஞ்சம் குட்டையானவை வீட்டுக் கறிக்கு. மண்ணில் கல் தட்டியதால் கால் பிரிந்து, இரண்டு காலோடும் மூன்று காலோடும், காற்சட்டை போட்ட பிள்ளைகள் மாதிரி இருப்பவை இன்னொரு மூட்டை. இந்தக் கடைசி மூட்டைதான் சங்கத்துக்கு. முதல் மூட்டை, தரணிதரன் முதலாளியின் லொறிக்கு.

தரணிதரன் முதலாளிக்கு ராகலை பஜாரில் பாட்டன் காலத்து மரக்கறிக் கடை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. நெற்றி நிறையத் திருநீறு. கடைக்குப் போனால் முதலில் தேத்தண்ணீர், பிறகுதான் பேச்சு. வீரய்யாவின் மகள் சடங்குக்கு நேரில் வந்து, மாலையும் கழுத்துமாகப் போட்டோவுக்கு நின்று, சில்வர் பானை கொடுத்துவிட்டுப் போனவர். அப்படிப்பட்ட மனிதருக்குக் கால் பிரிந்த கரட்டையா கொடுப்பது? சங்கம் யார் வீட்டுச் சடங்குக்கு வந்தது?

சங்கக் குடிலில் செயலாளர் சுலக்ஷனா மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பாள். தோட்டத்துப் பிள்ளை, கொழும்பில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு, தூசியும் வாடகையும் ஒத்துவராமல் திரும்பி வந்தவள். வீரய்யா கரட்டைக் காட்டிப் பெருமூச்சு விடுவார்.

"என்னா செய்றது தங்கச்சி. நம்ம துண்டு பூரா கல்லு மண்ணு. இதுக்கு மேல அதுல வராது."

அடுத்து வரும் சின்னராசாவும் அதையே சொல்வார். அவர் சங்கத்தின் பொருளாளர். அவருக்குப் பின்னால் வருகிறவரும் அதையே சொல்வார். மலை முழுக்கக் கல்லாகத்தான் இருக்கிறது போலும் என்று சுலக்ஷனாவுக்கே தோன்றிவிட்டது. கால் பிரிந்த கரட்டை யார் வாங்குவார்கள்? சங்கம் வளரவில்லை. ஏன் வளரவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு கூட்டம் வைத்தார்கள். அதில் வீரய்யா காரணிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, அங்கத்தவர் பற்று போதாது என்று மேசையைத் தட்டினார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்து, ஆமாம், போதாது என்று தலையாட்டினார்கள்.

இப்போதே அவரைக் கள்ளன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சங்கத்தை ஆரம்பித்தவரே வீரய்யாதான். சில வருடங்களுக்கு முன்னால் கோவா விலை அடியோடு விழுந்த ஒரு பருவத்தில் முதலாளியின் லொறி வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. வெட்டிய கோவா ரோட்டோரம் குவியலாகக் கிடந்து அழுகியது. மாடு கூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று வீரய்யா அழுதார். மறுநாளே லயம் லயமாக ஏறி இறங்கி, இனி ஒருத்தனை நம்பிப் பிழைக்கக் கூடாது என்று சொல்லி ஆள் சேர்த்தார். அந்தக் கண்ணீர் உண்மை. இந்தக் கரட்டும் உண்மை. இரண்டும் ஒரே மனிதருக்குள் சண்டை சச்சரவில்லாமல் குடியிருக்கின்றன. இந்த இனத்தின் அதிசயமே அதுதான், அதனால்தான் இவ்வளவு தூரம் எழுத வேண்டியிருக்கிறது.

நிலைமை இப்படி இருக்கும்போது, சுலக்ஷனா நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலின் படியை விடாமல் ஏறி இறங்கி ஒரு ஆர்டர் பிடித்து வந்தாள். வருடம் முழுக்கக் கரட்டும் லீக்ஸும் இந்தச் சங்கத்திடமே வாங்குவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. முதல் தடவை வரும் சாமான் முதல் தரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஊர், வேறு சங்கம். அதற்கு முந்தின மாதம்தான் கூட்டுறவு அதிகாரி ஒருவர் வந்து, தூங்குகிற சங்கத்துக்கு எதற்கு ஒரு பெயர்ப் பலகை, இந்த ஆர்டரும் போனால் மூடிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து வீரய்யாவுக்குச் சோறு இறங்கவில்லை. சங்கம் போனால் மறுபடியும் ரோட்டோரக் கோவாக் குவியல்தான் என்று அவருக்குத் தெரியும். கண்ணை மூடினால் அந்த நாற்றம் மூக்கில் அடித்தது.

முதல் சாமான் போகிற நாளைக்கு முந்தின மாலை சங்கக் குடிலில் கூட்டம். என்றும் இல்லாத கூட்டம்.

"தலைவரே, நாளைக்குப் போறதுதான் நம்ம மொத சாமான்" என்றாள் சுலக்ஷனா. "ஹோட்டல் ஆளுங்க காலைல லொறியோட வருவாங்க. கால் பிரிஞ்ச கரட் ஒண்ணு கூட இருக்கக் கூடாது. ஒங்க எல்லாரையும் கையெடுத்துக் கும்புட்டுக் கேக்குறேன்."

வீரய்யா எழுந்தார். "என்னா தங்கச்சி இப்புடிச் சொல்லிட்ட! சங்கம் நமக்குத் தாய் மாதிரி. பெத்த தாய்க்கு யாராச்சும் ஊசிப்போன சோத்தப் போடுவாங்களா?"

கைதட்டல் கூரைத் தகரத்தில் மோதித் திரும்பி வந்தது. சின்னராசா உணர்ச்சி தாங்காமல் எழுந்து, "சூடம் ஏத்திச் சத்தியம் பண்ணிருவோம்!" என்றார். உடனே தட்டு வந்தது, சூடம் வந்தது. சத்தியத்துக்கு வாசகம் சொல்ல வேண்டிய பொறுப்பு தலைவருக்கு. வீரய்யா கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"சங்கத்துக்குச் சேர வேண்டியத சங்கத்துக்கே சேப்போம். மாரியாத்தா மேல சத்தியம்."

எல்லோரும் சுடரில் கையை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சங்கத்துக்குச் சேர வேண்டியது எது என்று யாரும் கேட்கவில்லை. அதை அவரவர் வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாக முடிவு செய்துகொள்ளலாம் அல்லவா? எத்தனையோ தலைமுறைச் சத்தியங்களைக் கேட்டுப் பழகிய மாரியம்மன் இதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

வீரய்யா வீட்டு வாசலை மிதிக்கும்போது போன் அடித்தது. தரணிதரன் முதலாளி.

"வீரய்யாண்ணே, நாளைக்கு வெள்ளனவே லொறி வருது. ஒங்க கரட்டுன்னா நமக்கு ஒரு தனிப் பிரியம். வெல கூட்டித் தர்றேன். குடில் பக்கம் வேணாம், பழைய பங்களா வளைவுல நில்லுங்க. மத்தவங்க காதுக்குப் போக வேணாம்."

இத்தனை நாள் கூட்டாத விலையை நாளைக்குப் பார்த்து ஏன் கூட்டுகிறார் என்று ஒரு கெட்டிக்காரன் யோசிப்பான். வீரய்யாவும் கெட்டிக்காரர்தான், யோசித்தார். கரட் நல்ல கரட், அதனால் கூட்டுகிறார் என்று பதிலும் கிடைத்தது.

விடியற்காலையில் பேச்சியம்மா அடுப்பை மூட்டிவிட்டு வந்து பார்த்தால், புருஷன் நல்ல மூட்டையை வாசல் பக்கமும் கால் பிரிந்த மூட்டையைக் குடிலுக்குக் கொண்டுபோகிற வண்டியிலும் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க, மாத்தி வைக்கிறீங்களே?"

"மாத்தியெல்லாம் வைக்கல, புள்ள. முதலாளிக்கு ஒரே ஒரு மூட்ட. அவரு மனசு நோகக் கூடாது."

"அப்ப நேத்து சூடம் ஏத்துனது?"

"நா ஒருத்தன் குடுக்காட்டி என்னா ஆயிரப் போகுது? மத்தவங்க எல்லாரும் நல்லதத்தானே கொண்டாருவாங்க. சத்தியம் பண்ணியிருக்காங்கல்ல?"

"நீங்களுந்தானே பண்ணுனீங்க!"

"நா தலைவரு, புள்ள. எனக்கு எல்லாப் பக்கமும் பாக்கணும்."

பேச்சியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கொழுந்து எடுக்கும்போது அவள் இடுப்பில் கட்டுகிற படங்கை எடுத்து வீரய்யா மூட்டையை மூடினார். "அது எனக்கு வேணும், பெரட்டுல பேரு கூப்புட நேரமாச்சி" என்று அவள் சத்தம் போட்டது லயத்துக் கோடி வரைக்கும் கேட்டது. வீரய்யாவுக்கு மட்டும் கேட்கவில்லை. மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, யாரும் வராத குறுக்குப் பாதையில் இறங்கினார்.

பனி என்றால் அன்றைக்குப் பனி. நீட்டிய கை தெரியவில்லை. வீரய்யாவுக்கு அது மாரியம்மன் போட்ட திரை என்று பட்டது. மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார். பழைய பங்களா வளைவில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். அப்போது பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

அந்த இருமலை அவருக்குத் தெரியும். வரவு செலவு வாசிக்கும்போதெல்லாம் நடுவில் வருகிற இருமல்.

"யாரு அங்க?" என்றது இருமல்.

வீரய்யா குரலை மாற்றிக்கொண்டு, "யாருமில்லீங்க" என்றார்.

"அப்ப சரி" என்றது இருமல்.

அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இந்தப் பக்கம் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். எங்கேயோ ஒரு மூட்டை தொப்பென்று இறங்கியது. வீரய்யா தன் மூட்டையை இன்னும் கொஞ்சம் ஓரமாக இழுத்துக்கொண்டார். ஆனாலும் பனிக்குள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்க்காதவரை அங்கே யாரும் இல்லை என்றுதானே அர்த்தம்?

கீழே லொறிச் சத்தம் கேட்டது. மஞ்சளாக இரண்டு வெளிச்சம் வளைந்து வந்தது. வீரய்யா பாய்ந்து ரோட்டின் நடுவே நின்று கையை ஆட்டினார். லொறி கிறீச்சென்று நின்றது. அவ்வளவுதான், பனியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

"முதலாளி, மொதல்ல என்னோடத ஏத்துங்க!"

"நாந்தாங்க மொத வந்தது!"

"தள்ளுய்யா, மூட்டையில இடிக்காத!"

முதலாளியின் லொறிக்கு ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினை நிறுத்த மாட்டார்கள், பேச்சுக் கிடையாது, பின்பலகை திறக்கும், மூட்டை ஏறும், லொறி போய்விடும். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அந்த அவசரம் தோதாக இருந்தது. அதனால் அன்றைக்கும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பின்னால் நின்ற ஆள் முதலில் திகைத்தான், பிறகு வந்த மூட்டையை எல்லாம் இழுத்து இழுத்து அடுக்கினான். ராகலை வட்டாரத்திலேயே நேரான, நீளமான, பளபளப்பான கரட் முழுவதும் ஒரே லொறியில் ஏறியது. லீக்ஸும் ஏறியது, ஒவ்வொன்றும் முழங்கை நீளம்.

கடைசி மூட்டையும் ஏறின பிறகு ஒரு காற்று அடித்தது. பனி விலகியது. லொறியின் பக்கத்தில் நுவரெலியா ஹோட்டலின் பெயர் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

முன்கதவு திறந்தது. சுலக்ஷனா இறங்கினாள். வழி காட்டுவதற்காக ராகலையிலிருந்தே லொறியில் வந்திருக்கிறாள். அவள் பின்னால் ஹோட்டலுக்குச் சாமான் வாங்குகிற சிங்கள மாத்தியா இறங்கினார். சங்கத்தின் தலைவர், பொருளாளர், நிர்வாகக் குழு, அங்கத்தவர்கள் எல்லோரும் ரோட்டில் வரிசையாக நின்றார்கள். எந்தக் கூட்டத்துக்கும் இப்படி ஒருவர் விடாமல் வந்ததில்லை.

வீரய்யாவுக்குக் காது மடல் சுட்டது. ஒருகணம், அந்த ஒருகணம் மட்டும், தான் செய்தது என்ன என்று அவருக்குச் சுத்தமாகத் தெரிந்தது. தான் கட்டிய வீட்டின் சுவரில் தானே இரவும் பகலும் செங்கல் உருவிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். எதிரில் சின்னராசா. அவருடைய கையில் வெறும் சாக்குக் கயிறு.

உடனே வெட்கம் போய்க் கோபம் வந்துவிட்டது. அடப்பாவி! சூடத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டு வந்து நிற்கிறானே, இவனெல்லாம் ஒரு மனிதனா என்று நினைத்தார். சின்னராசாவும் அவரை அதே கண்ணோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார். ரோடு முழுக்க எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

மாத்தியா லொறிக்குப் பின்னால் ஏறி, எல்லோர் கண்ணெதிரிலும் மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஒரு கரட்டை எடுத்துத் துடைத்துக் கடித்தார்.

"ஹரி ஷோக்!" என்று சிங்களத்தில் மெச்சினார். அவருக்குத் தெரிந்த தமிழில் தொடர்ந்தார். "நான் எத்தினி சங்கம் போயிருக்கு. நாங்க போய் கேக்கணும், தேடணும், சண்ட போடணும். இங்க ஆளுங்க எல்லாம் பனியில ரோட்டுக்கே வந்து, நல்ல சாமான் தூக்கித் தாறாங்க. என்னோடத மொதல்ல, என்னோடத மொதல்லன்னு! இந்த மாதிரி ஒத்துமை நான் பாத்தது இல்ல."

சுலக்ஷனா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளை அப்படித்தான் பார்ப்பார். கடைசியில் வீரய்யாவிடம் வந்து நின்றாள்.

"தலைவரே, மாத்தியா இவ்வளவு சொல்றாரு. ரெண்டு வார்த்த பேசுங்களேன்."

அவள் முகத்தில் எதுவும் இல்லை. கண்ணில் மட்டும் ஏதோ இருந்தது. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று வீரய்யாவுக்கே பயமாக இருந்தது. திறந்தார்.

"தனி மரம் தோப்பாகாதுங்க" என்றார்.

பிறகு நிற்கவில்லை. ஒரு கை வந்தது, கோடி நன்மை வந்தது, தேர் வந்தது, பட்டறையில் படித்த காரணிகள் வரிசை மாறாமல் வந்தன. பேச்சின் நடுவில் அவருக்குக் குரல் உடைந்தது. ஆர்டர் கிடைத்துவிட்டது, சங்கம் பிழைத்துவிட்டது, கோவா இனி ரோட்டில் அழுகாது என்ற நினைப்பில் தேம்பித் தேம்பி அழுதார். முதல் கைதட்டலைச் சின்னராசா தட்டினார். மாத்தியாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் கீழேயிருந்து இன்னொரு லொறி வந்து, வழியில்லாமல் ஹோர்ன் அடித்தது. தரணிதரன் முதலாளி கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். கூட்டத்தைப் பார்த்தார், ஹோட்டல் லொறியைப் பார்த்தார், தான் போனில் தனித்தனியாக ரகசியம் பேசியவர்கள் அத்தனை பேரையும் ஒன்றாகப் பார்த்தார்.

"என்னாண்ணே, இங்க என்ன விசேஷம்?"

வீரய்யா அருகில் போனார். "வாங்க முதலாளி. சங்கத்து வேல, கொஞ்சம் சுணங்கிருச்சி. குடில்ல நெறயக் கரட் இருக்குதுங்க. எல்லாரும் வெள்ளனவே வண்டியில அனுப்பி வச்சிருக்காங்க. ஒங்களுக்குத்தான்."

முதலாளி குடிலுக்குப் போனார். அங்கே மலையளவு குவிந்திருந்த அத்தனை கரட்டும் இரண்டு கால், மூன்று கால். ஒன்றுக்கு நான்கு கால் கூட இருந்தது. வெறும் லொறியோடு திரும்ப மனமில்லாமல் அதையே வாங்கிக்கொண்டு போனார். வியாபாரி அல்லவா, சிரித்துக்கொண்டேதான் போனார்.

இதோடு எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். திருந்தவில்லை. ஆனால் ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. அடுத்த வாரம் வீரய்யா கால் பிரிந்த மூட்டையோடு குடிலுக்குப் போய், பழக்கதோஷத்தில், "என்னா செய்றது தங்கச்சி, கல்லு மண்ணு" என்று ஆரம்பித்தார். பின்னால் நின்ற சின்னராசா இருமினார்.

"கல்லு மண்ணா? அன்னைக்குப் பங்களா வளைவுல முழங்கை நீளத்துக்கு வச்சிருந்தீங்களே, தலைவரே!"

"ஒன்னோடது மட்டும் என்னாவாம்? நானுந்தான் பாத்தேன்!"

சுலக்ஷனா இருவருடைய மூட்டையையும் கட்டித் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு பேரும் வீட்டுக்குப் போய் நல்ல மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தில் மண்ணில் கல் குறைந்துவிட்டது. ஒருவர் கரட்டை ஒருவர் கண்ணால் கண்டுவிட்ட பிறகு வேறு வழி? ஹோட்டல் ஆர்டர் நிலைத்தது. இன்னொரு ஹோட்டலும் வந்தது. கழற்ற வேண்டிய பெயர்ப் பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள்.

போன மாதம் நுவரெலியாப் பட்டறைக்கு வீரய்யாவைக் கேட்க அழைக்கவில்லை, பேச அழைத்தார்கள். உங்கள் சங்கத்தின் வளர்ச்சிக்கு முக்கியக் காரணி எது என்று அதிகாரி கேட்டார். வீரய்யா கொஞ்சமும் தயங்கவில்லை. அங்கத்தவர் பற்று என்றார். மூடுபனி என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. சோற்றுப் பார்சல் இந்தத் தடவை கோழியோடு வந்தது.

இந்தச் சித்திரத்தை எழுதி முடித்ததும், முறைக்கு முதலில் வீரய்யாவுக்கே வாசித்துக் காட்டப்பட்டது. கோபித்துக்கொள்வார் என்றுதான் எதிர்பார்ப்பு. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சூடம் ஏற்றுகிற இடத்தில் தொடையைத் தட்டினார். பேச்சியம்மா படங்குக்குச் சத்தம் போடும் இடத்தில் அவளைக் கூப்பிட்டுத் திரும்ப வாசிக்கச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காதோடு வந்து சொன்னார்:

"நல்லா எழுதியிருக்கீங்க. இது நம்ம சின்னராசாதானுங்களே? அவரு மனசு நோகக் கூடாதுன்னு என் பேரப் போட்டிருக்கீங்க. புரியுது, புரியுது."

நீங்களும் சிரித்தீர்கள். வாசிக்கும்போதே உங்களுக்கு ஒருவருடைய முகம் ஞாபகம் வந்திருக்கும்: அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர், பழைய மாணவர் மன்றத்தில் ஒருவர், கோயில் திருப்பணிக் குழுவில் ஒருவர். இதை அவருக்கு அனுப்பி வைக்கலாமா என்று கூட நினைத்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் உங்கள் போனை ஒரு தடவை பாருங்கள். அவர் உங்களுக்கு ஏற்கெனவே அனுப்பியிருக்கலாம். இதில் எங்கேயும் உங்கள் பெயர் இல்லையே என்கிறீர்களா?

அது ஒரு மரியாதைக்காகத்தான்.